நான் எடுக்கச் சொன்ன பத்தி

அன்பு மகனுக்கு, அத்தாவின் ஸலாம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசும் ஐந்து நிமிடத்திலிருந்துதான் உன் நலத்தைத் தெரிந்துகொள்கிறேன். இங்கே டெக்ஸஸில், ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டியில் எல்லோரும் நலம். வெயில் இன்னும் குறையவில்லை. அக்டோபரில் உன் நிக்காஹ்வுக்காக உன் அம்மா இப்போதே இரண்டு பெட்டிகளை ஹாலில் திறந்து வைத்திருக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல வந்தது வேறு. போன புதன்கிழமை, நீ நிக்காஹ் செய்யப்போகும் நூரா எனக்கு போன் செய்தாள். நீ அங்கே நியூ ஜெர்ஸியில், பிஸ்கட்டவே ஆபீஸில் இருந்த நேரம். "அங்கிள், ஒண்ணு கேக்கலாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். "சண்டே அவர் எங்க அண்ணன் வீட்டுக்கு லஞ்ச்சுக்கு வந்திருந்தார். அண்ணன் இந்த வருஷ காலேஜ் ஃபுட்பால் மேகஸீனை டேபிள்ல போட்டு, 'நீங்க டெக்ஸஸ்காரர், இந்த சீசன் யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லுங்க'ன்னு கேட்டார். அவ்ளோதான் அங்கிள். எழுந்து போய் கார்ல உக்காந்துட்டார். அரை மணி நேரம். கேட்டா ஹெட்டேக்னு சொல்றார். எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா, அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தலைவலி உண்டு" என்று சொல்லி போனை வைத்தேன். உனக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தனை வருஷத்துக்கு நம்ம புள்ள உங்களுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கணும்?" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். நான்கு முறை கிழித்துப் போட்டு, இது ஐந்தாவது. நூராவுக்குத் தமிழ் படிக்க வராது. நீ படித்து முடித்ததும் அவளுக்கும் படித்துக் காட்டவேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

நாம் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினான்கு வயது. ஸ்கூல் கேன்டீனில் உன்னோடு உட்கார யாரும் இல்லை என்று நீ எங்களிடம் சொன்னதே கிடையாது. அது எங்களுக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். அந்த ஊரில் எல்லோரும் பேசிய ஒரே விஷயம் ஃபுட்பால், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால். பேச்சில் கலந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்று நீ அதைப் பாடம் போலப் படித்தாய். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு ஒவ்வொரு அணியின் கணக்கையும் எழுதிவைத்தாய். நான் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மூளையை மேத்ஸ்ல காட்டு" என்றேன். நீ இரண்டிலும் காட்டினாய். கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வருடமே மாணவர் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கு உன்னை ஆசிரியராகப் போட்டார்கள். உன் பெயர் அச்சில் வந்த முதல் இதழை உன் அம்மா ஃப்ரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் அதைப் படிக்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தேன்.

ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் சீசன் தொடங்குமுன் நீ ஒரு பெரிய கட்டுரை எழுதவேண்டும். உன் கல்லூரி இருந்த கான்ஃபரன்ஸ் என்ற ஆட்டக் கூட்டமைப்பில் பன்னிரண்டு கல்லூரிகள். அவை தங்களுக்குள் மோதும் ஆட்டங்களில் எவை சீசனைத் தீர்மானிக்கும், யார் ஜெயிப்பார், ஏன் என்று எழுதவேண்டும். இரண்டாயிரத்து இரண்டு கோடையில் நீ நம் டைனிங் டேபிளில் உட்கார்ந்து அதை எழுதினாய். உன் அம்மாவுக்கு அணிகளின் பெயர் வாயில் நுழையாது. சட்டை நிறத்தை வைத்துத்தான் கேட்பாள். "அந்த ஆரஞ்சுக்காரங்களோட எப்போ?" செப்டம்பர் கடைசியில், அவர்கள் ஊரில். "ஊதா?" அக்டோபரில், உன் கல்லூரியிலேயே, பழைய மாணவர்கள் எல்லோரும் திரும்பி வரும் ஹோம்கமிங் அன்று. நவம்பரில் ஓக்லஹோமா பக்கத்துப் பச்சைச் சட்டைக்காரர்கள். அந்த மாதக் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள், நூறு வருடப் பகையாளியான சிவப்பு. இந்த நான்கில் உன் கல்லூரி மூன்றில் தோற்கும் என்று நீ எழுதியிருந்தாய். உன் தங்கச்சி கோபித்துக்கொண்டு ஏன் என்று கேட்டாள். "பந்து எறியறவனுக்கு முதுகுல கண் கிடையாது. அவன் பாக்க முடியாத பக்கம் ஒருத்தன் நிப்பான், லெஃப்ட் டேக்கிள். அவன் விழுந்தா எல்லாரும் விழுவாங்க. எங்க லெஃப்ட் டேக்கிளுக்கு முழங்கால் சரியில்ல" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த லெஃப்ட் டேக்கிள்தான் ட்ராவிஸ். ஜூலையில் ஒரு சனிக்கிழமை நீ அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். வாசலில் தலை குனிந்துதான் உள்ளே வரமுடிந்தது அவனால். இடியாப்பமும் ஆட்டுக்கறியும் போட்டாள் உன் அம்மா. அவன் எத்தனை முறை வாங்கினான் என்று கணக்கு வைக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் "தேங்க் யூ, மேம்" என்றான். ஃப்ரிட்ஜுக்கு அடியில் எலி செத்து நாறுகிறது என்று அவள் என்னிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அதை அவனுக்குச் சொன்னதும் எழுந்துபோய் ஃப்ரிட்ஜை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் சிரித்துக்கொண்டே பெருக்கி எடுத்தாள். திரும்பி வந்து உட்காரும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலதுகாலை நீட்டி, மெல்ல உட்கார்ந்தான். இருபது வயதுப் பையன் கிழவனைப் போல உட்கார்வதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் பக்கத்தையும் சொல்கிறேன், நியாயம் கேட்பதற்காக இல்லை. அந்த வருடம் ஹூஸ்டனில் எனர்ஜி கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியே காலி. நம் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் நின்றிருந்தது. எனக்கு வேலை இருக்கிறது என்று கம்பெனி ஒரு கடிதம் தரவேண்டும். என் மேலாளர் டேல் அதில் கையெழுத்துப் போடவேண்டும். கடிதம் அவர் மேஜையில் இரண்டு வாரமாகக் கிடந்தது. ஜனவரியில் உனக்கு இருபத்தொன்று ஆகுமுன் அந்தக் கடிதம் போய்ச்சேராவிட்டால் என் விண்ணப்பத்தோடு நீ ஒட்டிக்கொள்ள முடியாமல் போகலாம் என்று வக்கீல் பயமுறுத்தியிருந்தார். முந்தின செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு நம் பெயரைப் பார்த்தாலே ஃபைல் தாமதமாகிறது என்று பள்ளிவாசலில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டேல் உன் கல்லூரியில் படித்தவர். திங்கட்கிழமை முழுக்க ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுவார். ஒருநாள் லிஃப்டில் என் தோளில் தட்டி, "உங்க பையன் போன வருஷம் நம்ம டீமைக் கிழிச்சுட்டானாமே, இந்த வருஷம் என்ன எழுதறான்னு பாக்கறேன்" என்று சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து உன் எதிரே உட்கார்ந்தேன். அதுவரை உன் எழுத்தை ஒருமுறையும் படிக்காதவன், அன்றைக்குத்தான் முழுவதும் படித்தேன். படித்துவிட்டு, "மூணுல தோக்கும்னு இருக்கே, அதை மூணுல ஜெயிக்கும்னு மாத்திடு" என்றேன். நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாய். டேலைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "அத்தா, ஐ கான்ட். இது ப்ரெடிக்ஷன் மட்டும் இல்ல. அந்த முழங்கால் பாரா இருக்கே, அது ட்ராவிஸே எழுதச் சொன்னது. கோச் வலி தெரியாம ஊசி போட்டு ஆட வைக்கறாங்க. நோ சொன்னா ஸ்காலர்ஷிப் போயிடும்னு பயப்படறான். பேப்பர்ல வந்தா அவங்க அவனை உக்கார வச்சுத்தான் ஆகணும். ஹி ஆஸ்க்ட் மீ, அத்தா." நீ சொன்னது எனக்குப் புரியாமல் போகவில்லை. அதைத்தான் இத்தனை வருடமாக உன் அம்மாவிடம்கூட ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன். நன்றாகப் புரிந்தது. புரிந்துகொண்டுதான் சொன்னேன்: "அவனுக்குத் தாய் தகப்பன் இருக்காங்க. அவங்க பாத்துப்பாங்க. நீ உன் குடும்பத்தைப் பாரு."

உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அவன் எழுதறத எழுதட்டுங்க. வேலை போனா போகட்டும், ஊருக்குப் போயிடலாம்" என்றாள். நான் அவள் மேல் கத்தினேன். பிறகு உன்னைப் பார்த்து, "நீ எழுதற நாலு வரிக்காக நாங்க மூட்டை கட்டணுமா? உன் தங்கச்சி படிப்பைப் பாதியில நிறுத்தணுமா? போய் அவகிட்டயே சொல்லு" என்றேன். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. இங்கே வந்தபோது உனக்கு இருந்த அதே வயது. அவளைக் காட்டித்தான் உன்னை வளைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். நீ லேப்டாப்பை உன் பக்கம் இழுத்தாய். முடிவுகளை மாற்றினாய். அந்தப் பத்தியை எடுத்தாய். எடுத்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "இப்போ சரியா?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன்.

பிறகு நடந்ததை நீ என்னைவிட நன்றாக அறிவாய். ஆரஞ்சுக்காரர்களிடம் தோற்றார்கள். அக்டோபரில் ஊதாவோடு ஆட்டம். நீ அங்கே பத்திரிகையாளர் மாடத்தில். நாங்கள் இங்கே டிவி முன்னால். மூன்றாவது குவார்ட்டரில் ட்ராவிஸ் விழுந்தான். யாரும் அவன்மேல் மோசமாக மோதவில்லை. காலை ஊன்றித் திரும்பினான், அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை. டிவியில் ஒருமுறை திருப்பிக் காட்டினார்கள், அதற்கு மேல் காட்டவில்லை. உன் அம்மா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? டேல் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது. அந்தப் பையனை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோகிறார்கள், நான் சோபாவில் உட்கார்ந்து, நல்லவேளை கடிதம் போய்விட்டது என்று நினைக்கிறேன். உன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று நீ அறிந்ததற்கு மேலும் இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வீட்டுக்கு வந்தபோது பத்திரிகையை விட்டுவிட்டதாகச் சொன்னாய். கணக்கியல் படிக்கப் போவதாகச் சொன்னாய். நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவும் இல்லை. மறுநாள் சிவப்புச் சட்டைக்காரர்களோடு ஆட்டம். உன் தங்கச்சி டிவியைப் போட்டாள், நீ மாடிக்குப் போய்விட்டாய். நாங்கள் யாரும் உன்னைத் திட்டவில்லை, யாரும் உன்னைத் தேடி மாடிக்கு வரவில்லை. நீ என்மேல் ஒருமுறையாவது கத்தியிருக்கலாம். கத்தாமல், நியூ ஜெர்ஸியில் மருந்துக் கம்பெனி வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாய். கிரீன் கார்டுகள் இரண்டு வருடம் கழித்துத் தபாலில் வந்தன, நான்கும் ஒரே வாரத்தில். உனக்கு போன் செய்து சொன்னேன். "குட், அத்தா" என்றாய். நீ இன்னும் ஏதாவது சொல்வாய் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

போன வருடம் டேல் ஓய்வு பெற்றார். விருந்தில் அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எப்படியோ வாயில் வந்துவிட்டது. என் மகன் அந்த வருடம் எழுதிய கட்டுரை உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். அவர் முள்கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "எந்தக் கட்டுரை? ஸ்டூடன்ட் பேப்பரா? நான் அதையெல்லாம் படிக்கறதே இல்லையே. உங்ககிட்ட பேச ஏதாவது வேணுமேன்னு பையனைப் பத்திக் கேப்பேன், நீங்கதான் யார்கிட்டயும் பேசமாட்டீங்களே" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். என் கடிதம் அவர் மேஜையில் கிடந்தது, அவருக்குக் காகிதங்களைப் படிக்கப் பிடிக்காது என்பதால் மட்டும்தான். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதமே ட்ராவிஸைத் தேடிப் போனேன். இதை உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "நீங்க போங்க, அந்தப் புள்ள முகத்தை என்னால பாக்க முடியாது" என்றாள். ஐந்து மணி நேரம் மேற்கே ஓட்டினேன். ஒரே தெரு உள்ள ஊர். அவன் மாமாவின் டயர் கடையில் வேலை செய்கிறான். உடம்பு இன்னும் பெருத்திருக்கிறது. வலதுகால் மடங்குவதில்லை, இடுப்பிலிருந்து வீசி நடக்கிறான். நான் காரைவிட்டு இறங்கியதும் டயர் மாற்ற வந்தவன் என்று நினைத்தான். பிறகு உற்றுப் பார்த்து, உன் பெயரைச் சொல்லி, "அவன் நல்லா இருக்கானா சார்?" என்று கேட்டான். அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. கடைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை, தாய் தகப்பன் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னதையும்.

அவன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க ஒன்றும் மிச்சம் இல்லாதபோதும். பிறகு சொன்னான்: "கோச் படிப்பார்னு நினைச்சு நான் எழுதச் சொல்லல, சார். அவர் படிச்சாலும் ஆடத்தான் விடுவார். எங்கம்மாவுக்காகத்தான் கேட்டேன். அவங்ககிட்ட நேர்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, என் படிப்பைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தாங்க. ஆனா உங்க பையன் எழுதறத ஒரு வரி விடாம படிப்பாங்க. அதுல பார்த்திருந்தா அன்னிக்கே ட்ரக்கை எடுத்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாங்க." அம்மா எங்கே என்று கேட்டேன். தகப்பன் சின்ன வயதிலேயே இல்லை என்றும், அம்மா இரண்டு வருடம் முன்பு இறந்துபோனாள் என்றும் சொன்னான். கடைசிவரை அவள் உன்மேல்தான் கோபமாக இருந்தாளாம். நண்பன் என்று வீட்டுக்கு வந்து போனவன், தெரிந்தும் எழுதவில்லையே என்று.

பார்த்துக்கொள்வார்கள் என்று நான் கைகாட்டிய அந்தத் தாய்க்குப் போய்ச்சேர வேண்டியிருந்த செய்தியைத்தான் நான் நம் டைனிங் டேபிளில் நிறுத்தினேன். அவன் இன்னொன்றும் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து உனக்கு போன் செய்து ஏன் எழுதவில்லை என்று கேட்டானாம். "என்னால முடியல, ஸாரி" என்று மட்டும் சொன்னாயாம். கோச்சுக்குப் பயந்துவிட்டாய் என்று மூன்று வருடம் உன்மேல் ஆத்திரமாக இருந்ததாகச் சொன்னான். "உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல சார்" என்றான். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவனிடமும் இல்லை, அவன் தாயிடமும் இல்லை, இப்போது நூராவிடமும் இல்லை. கோழை என்ற பெயரை நீ வாங்கிக்கொண்டாய். என்னை மன்னித்துவிடு என்று அவனிடம் கேட்டேன். "யெஸ் சார்" என்றான். அது மன்னிப்பு இல்லை, அந்த ஊரில் எதற்கும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும், பயம் வரும். அந்தப் பயத்துக்குக் குடும்பம் என்று பெயர் வைத்துவிட்டால், எதை வேண்டுமானாலும் செய்யத் துணிவு வந்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன். நூரா ஏதாவது கேட்டால் பதில் சொல். வலிக்கிறது என்று சொல், கோபம் என்று சொல், என் அத்தாவால் இது நடந்தது என்று என் பெயரைச் சொல். நிக்காஹ் மேடையில் நான் உன் பக்கத்தில் உட்காரவேண்டுமா வேண்டாமா என்பதையும் நீயே சொல். பின்வரிசையில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன், உன் அம்மா மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று கிளம்பும்போது ட்ராவிஸ் கடை ரசீது ஒன்றின் பின்னால் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான். இத்தனை நாள் என் பர்ஸில் இருந்தது. உனக்கு அனுப்பத் தைரியம் இல்லாமல் வைத்திருந்தேன். அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அவன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "அவன் கூப்பிடுவானா சார்?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உன் சார்பில் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன் அத்தா